இரண்டு கோடு விழுந்த எச்சில் கிட்: மணலி சாலை விபத்து வழக்கு

2025 மே மாதம், வடசென்னை. கத்திரி வெயில் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். விடியற்காலை 4.50க்கு, காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் பக்கம் உள்ள ஒரு யார்டுக்கு வந்துகொண்டிருந்த நாற்பதடி டிரெய்லர், எம்.எஃப்.எல் சந்திப்பைத் தாண்டி சாத்தாங்காட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மெல்ல இடப்பக்கம் சாய்ந்துபோய் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியைத் தட்டியது. வண்டிக்காரர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு முதல் நடைக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. காலி மீன் கூடைகள் ரோடு முழுக்க உருண்டு கிடந்த போட்டோ கேஸ் கட்டில் இன்னும் இருக்கிறது.

டிரைவர் ஓடிவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சாலையில் அது அபூர்வம். வண்டியை நிறுத்தி இறங்கி, அடிபட்டவரை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தார். ரோந்து போலீஸ் வந்து ஊதச் சொன்னார்கள். ஊதினார். மெஷின் பூஜ்யம் காட்டியது. கண் மட்டும் ரத்தச் சிவப்பு.

"என்னய்யா ஆச்சு?" என்று எஸ்.ஐ கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "கண்ணு அசந்துடுச்சு சார்." அன்று அந்த இடத்தில் பேசப்பட்டதிலேயே வழக்குக்கு மிகவும் தேவையான வாக்கியம் அதுதான். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

பத்து நிமிஷத்தில் யார்டிலிருந்து நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் பைக்கில் வந்தார். கையில் ஒரு அட்டைப் பெட்டி. விபத்து நடந்தால் உடனே டிரைவரின் எச்சிலை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது அந்த யார்டின் விதியாம். பஞ்சுக் குச்சியை டிரைவரின் கன்னத்துக்குள் விட்டுத் துழாவி, குப்பியில் முக்கி, பிளாஸ்டிக் பட்டையில் மூன்று சொட்டு விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எஸ்.ஐயிடம் காட்டினார்: "சார், கஞ்சா பாசிட்டிவ்."

அந்த ஒரு சொல்லில் வழக்கின் திசையே மாறிப்போனது. முதல் தகவல் அறிக்கையில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) பிரிவுகளோடு (கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது, அதனால் கொடுங்காயம் ஏற்படுத்துவது) மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவும் (போதையில் வண்டி ஓட்டுவது) ஏறியது. டிரைவர் கைது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. அங்கே சிறுநீர் எடுத்தார்கள், ரத்தம் எடுக்கவில்லை. சிறுநீரில் கஞ்சாவின் எச்சம் இருப்பதாகப் பின்னால் ஆய்வக அறிக்கை வந்தது. மறுநாளே யார்டில் வேலை போயிற்று. ஓட்டுநர் உரிமத்தை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று ஆர்.டி.ஓ அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

அவருடைய மனைவி என்னிடம் வந்தது ஆறாவது நாள். எடுத்தவுடன் சொன்னது: "வக்கீல் சார், அவரு பீடி கூட வுட்டு நாலு வருஷம் ஆவுது." நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. டிரைவர் என்னிடம் தனியாகச் சொன்னது என் அறையோடு இருக்கட்டும். வழக்குக்கு அது தேவைப்படவும் இல்லை.

சட்டம் கேட்கிற கேள்வி

185ஆம் பிரிவை வக்கீல்களே அரைகுறையாகத்தான் படித்திருக்கிறோம், என்னையும் சேர்த்து. குடி வழக்கு அவ்வளவு அதிகம் வருவதால் முதல் பாதி மனப்பாடம்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். வண்டியை நேராக ஓட்டினாயா, கோணலாக ஓட்டினாயா என்ற பேச்சே கிடையாது. எண் தாண்டினால் முடிந்தது.

இரண்டாவது பாதி வேறு மாதிரி. போதைப்பொருள் விஷயத்தில் சட்டம் எண் எதையும் வைக்கவில்லை. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு அந்தப் பொருளின் பிடியில் இருந்தாரா என்று கேட்கிறது. உடம்பில் இருந்ததா என்ற கேள்வி அங்கே இல்லை. தண்டனை என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்: முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை அல்லது 15,000 அல்லது இரண்டும்.

எப்படிச் சோதிப்பது? 203ஆம் பிரிவு ஊதச் சொல்லும் அதிகாரத்தைத் தருகிறது. அதுவும் சீருடையில் உள்ள போலீஸ்காரருக்கும் மோட்டார் வாகனத் துறை அதிகாரிக்கும் மட்டும்தான். 204ஆம் பிரிவு ஆய்வகச் சோதனை பற்றியது. அந்தப் பிரிவுக்கு ஆய்வகச் சோதனை என்றால் ரத்தம்தான், அதுவும் அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த ஆய்வகத்தில். 185இன் கீழ் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது 202. இந்த வரிசையில் எச்சில் எங்கேயும் இல்லை. யார்டு சூப்பர்வைசரும் இல்லை.

ஆனாலும் போலீஸ் தரப்புக்கு ஒரு வழி உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51ஆம் பிரிவில், கைதானவரை மருத்துவர் பரிசோதிக்கும்போது ரத்தம், சளி, வியர்வை, முடி என்று ஒரு பட்டியல் போட்டு, அதோடு மருத்துவர் தேவை என்று நினைக்கும் பிற சோதனைகளையும் செய்யலாம் என்று இருக்கிறது. சளியும் எச்சிலும் ஒன்றா என்று நானும் ஜூனியரும் ஒரு மாலை முழுக்க வாதாடினோம். ஒன்றில்லை. ஆனால் 'பிற சோதனைகள்' என்ற சொல்லுக்குள் எச்சில் தாராளமாக அடங்கும். ஒரே நிபந்தனை, அதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். இங்கே தீர்மானித்தவர் அட்டைப் பெட்டியோடு பைக்கில் வந்தவர்.

எனவே முதல் இரண்டு மாதம் என் வாதம் முழுக்க நடைமுறைக் குறை பற்றித்தான் இருந்தது. யார் எடுத்தார், எந்த அதிகாரத்தில் எடுத்தார், மாதிரியை யார் பத்திரப்படுத்தினார். எல்லாம் சரியான வாதங்கள்தான். ஆனால் பெரிய விஷயத்தை நான் கண் முன்னால் வைத்துக்கொண்டே பார்க்கவில்லை.

பட்டையில் என்ன இருந்தது

அதைப் பார்த்தது என் ஜூனியர். சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டையின் போட்டோ குற்றப்பத்திரிகையோடு வந்திருந்தது. அதில் சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அடர்த்தியாக ஒரு சிவப்புக் கோடு. டி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு. மங்கல்தான், ஆனால் கோடு கோடுதான்.

அந்தப் பெண் அதே வகைக் கிட் ஒன்றைக் கடையில் வாங்கி வந்து, உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்து மேஜையில் வைத்தாள். "சார், இது கோவிட் கிட் மாதிரி இல்ல சார். இதுல ரெண்டு கோடு வந்தா நெகட்டிவ்."

நான் நம்பவில்லை. மூன்று முறை படித்தேன்.

காரணம் தெரிந்தபோது அது எளிமையாகத்தான் இருந்தது. கொரோனா கிருமியின் புரதம் பெரியது. அதை ஒரு பக்கம் சாயம் பூசிய ஆன்டிபாடி பிடித்துக்கொள்ள, மறுபக்கம் பட்டையில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி பிடிக்கும். கிருமி இருந்தால் சாயம் அங்கே தங்கி டி கோடு தெரியும். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி மிகச் சின்ன மூலக்கூறு. இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடிக்க அதில் இடமில்லை. அதனால் அங்கே ஏற்பாடு தலைகீழ். டி கோட்டின் இடத்தில் டி.எச்.சியையே முன்கூட்டி ஒட்டி வைத்திருப்பார்கள். எச்சில் சுத்தமாக இருந்தால் சாயம் பூசிய ஆன்டிபாடி காலியாக வந்து அதில் ஒட்டும், கோடு தெரியும். எச்சிலில் டி.எச்.சி இருந்தால் ஆன்டிபாடிக்கு வழியிலேயே கை நிறைந்துவிடும், டி இடத்தை நிற்காமல் கடந்து போகும், கோடு தெரியாது. மங்கலான கோடாக இருந்தாலும் நெகட்டிவ் என்றுதான் எடுக்க வேண்டும் என்று காகிதத்திலேயே அச்சிட்டிருந்தது, எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில்.

எல்லாக் கம்பெனிக் கிட்டும் இப்படி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோடு வந்தால் பாசிட்டிவ் என்று காட்டும் வகையும் சந்தையில் உண்டு. அதனால்தான் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படிக்காமல் எந்தப் பட்டையையும் படிக்க முடியாது.

அப்படியானால் அந்த யார்டில் அதுவரை சோதித்த எல்லா டிரைவர்களும் பாசிட்டிவ் ஆகியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பகலில் கேட்டில் சோதிப்பவர் முதலுதவி அறை ஊழியர், பயிற்சி எடுத்தவர். இரவு சூப்பர்வைசர் அன்றுதான் முதல் தடவையாகப் பெட்டியைத் திறந்திருக்கிறார்.

இன்னும் இரண்டு விஷயம் இருந்தது. கிட்டை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அந்தப் பெட்டி இருந்தது பழைய கன்டெய்னரை வெட்டிச் செய்த அலுவலகத்தில், ஏ.சி பகலில் மட்டும். கத்திரி வெயிலில் மணலிப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் டிகிரி சொல்லத் தேவையில்லை. அடுத்து, சோதனைக்கு முன்பு பத்து நிமிஷமாவது வாயில் எதுவும் போட்டிருக்கக் கூடாது. டிரைவர் தூக்கத்தை விரட்ட, பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவை வாயில் அடக்கியிருந்தார். அதை எஸ்.ஐ வரும்போதுதான் துப்பியிருக்கிறார்.

வெளியூர்க் கதைகள்

எச்சிலை ரோட்டோரத்தில் சோதிக்கும் வேலையை முதலில் தொடங்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 2004 டிசம்பரில். தொடக்கத்திலேயே கேமராக்கள் முன்னால் முதல் பாசிட்டிவ் என்று காட்டப்பட்ட டிரைவரின் மாதிரி, பிறகு ஆய்வகத்தில் நெகட்டிவ் என்று வந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய இந்தக் கதையை நான் நீதிமன்றத்தில் சொல்லவில்லை, சொல்ல அவசியம் வரவில்லை. ஆனால் படித்தபோது மனசுக்கு ஒரு தெம்பு வந்தது.

அங்கே சட்டம் நம்மிடமிருந்து வேறு. எச்சிலில் டி.எச்.சி இருந்தாலே குற்றம், வண்டி ஓட்டும் திறன் குறைந்ததா என்று பார்ப்பதில்லை. அதனால் வரும் சிக்கல் நியூ சவுத் வேல்ஸின் லிஸ்மோர் ஊரில் 2016இல் வெடித்தது. ஒருமுறை பிடிபட்டவரிடம், ஒரு வாரம் கழித்து வண்டி எடுத்தால் பிரச்சினை இருக்காது என்று போலீஸ்காரரே சொல்லியிருக்கிறார். அவர் ஒன்பது நாள் பொறுத்து வண்டி எடுத்தார். மறுபடி பாசிட்டிவ். நேர்மையான, நியாயமான தவறு என்று சொல்லி மாஜிஸ்திரேட் டேவிட் ஹைல்பர்ன் அவரை விடுவித்தார். பிரிட்டனில் எச்சில் சோதனை முதல் படி மட்டும். தண்டிக்க ரத்தம் வேண்டும், 2015 முதல் ஒரு லிட்டர் ரத்தத்தில் 2 மைக்ரோகிராம் டி.எச்.சி எல்லை. ஜெர்மனி 2024 ஆகஸ்டில் ரத்த சீரத்துக்கான (அணுக்கள் நீங்கிய ரத்த நீர்) தன் எல்லையை மில்லிக்கு 1 நானோகிராமிலிருந்து 3.5க்கு உயர்த்தியது. நமக்குப் பக்கத்தில் கேரள போலீஸ் 2022இல் எச்சில் சோதனைக்கு என்றே ஆல்கோ ஸ்கேன் வண்டியை இறக்கிவிட்டது.

ஏன் இத்தனை நாட்டில் இத்தனை எண்? ஆல்கஹால் தண்ணீரில் கலக்கும், ரத்தத்தில் இருக்கிற அளவும் தள்ளாட்டமும் ஏறக்குறைய சேர்ந்து போகும். டி.எச்.சி கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும் சாதி. புகைத்த சில நிமிஷத்தில் ரத்தத்தில் உச்சிக்குப் போய், ஒரு மணி நேரத்துக்குள் சரசரவென்று இறங்கிவிடும். மயக்கமோ அதற்குப் பிறகும் சில மணி நேரம் இருக்கும். தினம் புகைப்பவரின் ரத்தத்தில், தெளிவாக இருக்கிற நாளிலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். எச்சிலில் தெரிவது பெரும்பாலும் புகை வாயில் விட்டுப்போன டி.எச்.சி. வழக்கமில்லாதவருக்கு அது ஒரு நாளுக்குள் போய்விடும். சிறுநீரில் தெரிவதோ உடம்பு உடைத்துத் தள்ளிய கழிவு. நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில் வந்துகொண்டே இருக்கும். போன வாரம் விருந்து சாப்பிட்டதற்கு இன்றைக்கு இலையைக் காட்டுவது போல.

இதைப் படித்துவிட்டு யாரும் நான் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புகைத்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஸ்டியரிங் பிடித்தால் கவனம் சிதறும், பிரேக்குக்குக் கால் போக நேரமாகும், வண்டி கோட்டுக்குள் நிற்காது. கூட ஒரு குவார்ட்டரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நாற்பதடி டிரெய்லரை அந்த நிலையில் ஓட்டுகிறவரை உள்ளே வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அதை நிரூபிக்கிற வேலையைச் செய்துவிட்டு வையுங்கள் என்பதுதான்.

விசாரணை

சிறுநீர் அறிக்கை அரசுத் தரப்புக்குப் பலமான சாட்சி என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் அதே மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகல்) டியூட்டி டாக்டர் எழுதியிருந்தது: சுயநினைவு தெளிவு, கேள்விக்குச் சரியான பதில், கண்மணி இயல்பு, நடை இயல்பு. விபத்து நடந்து கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் கழித்து எழுதியதுதான், அதனால் 4.50க்கு எப்படி இருந்தார் என்பதை அது முழுமையாகச் சொல்லாது. நாணயமாகப் பேசினால் அது இரண்டு பக்கமும் வெட்டும். ஆனால் நிரூபிக்க வேண்டியது நான் இல்லையே.

வாட்ஸ்அப் போட்டோவை அரசுத் தரப்பு குறியிட்டபோது, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழில் குறை இருந்தது. வழக்கமாக நான் குதித்து எழுந்திருப்பேன். அன்று உட்கார்ந்தே இருந்தேன். அரசு வக்கீலான ஏ.பி.பி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

குறுக்கு விசாரணையில் சூப்பர்வைசரிடம் கேட்டது நாலே கேள்வி. பட்டையில் எத்தனை கோடு? இரண்டு. போட்டோவில் தெரிகிற கோடுகள்தானே? ஆமாம். இரண்டு கோடு என்றால் என்ன? பாசிட்டிவ். எப்படித் தெரியும்?

"கொரோனாவுலயும் அப்படித்தானே சார்."

மாஜிஸ்திரேட் கிட்டோடு வந்த காகிதத்தை வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்கு மேல் படித்தார். சூப்பர்வைசர் பொய் சொல்லவில்லை என்பதை நான் எழுதியாக வேண்டும். இருபத்தாறு வயசுப் பையன், கொரோனா நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் சோதனை செய்து பார்த்தவன், தனக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னான். கூண்டிலிருந்து இறங்கும்போது டிரைவரைப் பார்த்து, "சாரிண்ணே" என்றான். டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார்.

185 நிற்கவில்லை. எச்சில் கிட் எதிர்ப்பக்கமே பேசியது. சிறுநீர் அறிக்கை, எப்போதோ உட்கொண்டதைத் தாண்டி எதையும் சொல்லவில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலை என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் கஞ்சா உட்கொண்டதற்கே ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அந்தப் பிரிவைச் சேர்க்க நிலையம் முயலவில்லை. ஏன் என்று நானும் போய்க் கேட்கவில்லை. 281, 125(பி) இரண்டிலும் டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் கட்டினார். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன், தட்டியது அவர் வண்டிதான்.

டிரிப் ஷீட்

ஆர்.டி.ஓ நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதற்காக யார்டிலிருந்து டிரிப் ஷீட்டை வாங்கினோம். முதல் நாள் காலை ஆறு மணிக்கு எழுந்தவர். பகல் ஒரு மணிக்குத் துறைமுக வரிசையில் வண்டியைச் சேர்த்திருக்கிறார். கேட் உள்ளே போனது இரவு 11.30. கன்டெய்னர் ஏறியது 2.20. வெளியே வந்தது 3.40. வரிசையில் வண்டி ஐந்தடி பத்தடியாக நகர்ந்துகொண்டே இருக்கும், தூங்கினால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். கிளீனர் இருந்த காலத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் கண் மூடலாம். இப்போது பேட்டா மிச்சம் பிடிக்க, பாதி வண்டியில் கிளீனரே கிடையாது.

ஆக, சாத்தாங்காட்டுக்கு முன்னால் அவர் 23 மணி நேரம் விழித்திருந்தவர். டிரூ டாசன், காத்ரின் ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதற்குச் சமம். 24 மணி நேரத்தை நெருங்கும்போது 0.10. நம் சட்டத்தின் எல்லை 0.03. அப்போது நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றது. அந்த யார்டு கேட்டில் எச்சிலுக்குக் கிட் இருந்தது. எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தாய் என்று கேட்க ஆள் இல்லை. கஞ்சா அடித்தவன் என்றால் தப்பு டிரைவர் தலையில், தூங்காதவன் என்றால் ஓனர் தலையிலும் கொஞ்சம் வரும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

ஓனருக்கும் விஷயம் திரும்பி வந்தது, வேறு வழியாக. பாடி வண்டிக்காரர் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2019 திருத்தத்துக்குப் பிறகு, 185இல் சொன்னபடி போதையில் ஓட்டியது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு எதிர்வாதம். அதைப் பிடித்துக்கொண்டு, பணத்தை ஓனரிடம் வசூலிக்க வேண்டும் என்று கம்பெனி எதிர்மனு போட்டது. ஆதாரம் அதே போட்டோ. மறுநாளே டிரைவரை வெளியே அனுப்பிய ஓனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு போன் செய்தார். "சார், அவர் கஞ்சா அடிக்கலன்னு நீங்கதான் எப்படியாவது நிரூபிக்கணும்."

உங்கள் வக்கீலிடம் பேசுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். தீர்ப்பு நகல் வேண்டுமானால் மனு போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

உரிமம் மூன்று மாத நிறுத்தத்துக்குப் பிறகு திரும்ப வந்தது. டிரைவர் இப்போது மாதவரத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார், பகல் ஷிப்ட் மட்டும். பாடி வண்டிக்காரரின் காலில் கம்பி இன்னும் உள்ளே இருக்கிறது. வண்டியை மச்சான் ஓட்டுகிறார், இவர் காசிமேட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். அவருடைய இழப்பீட்டு மனு இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டு நிலுவையில் இருக்கிறது.